டிக்கெட் எடுத்த முகம்

“பொய்.”

“எதுப்பா பொய்? புத்தகத்துல உள்ளத அப்படியே சொன்னேன்.”

“பதில் சரியா தப்பான்னு எனக்கெப்படித் தெரியும்? உங்க மூஞ்சி சொல்லுது. டிக்கெட் எடுக்காம ஏறின மூஞ்சி.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே அப்பா, பனியனுக்கு மேல் பழைய கறுப்புக் கோட்டும் மூக்கில் ஆக்சிஜன் குழாயுமாகச் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது சிக்னலுக்காக நடுவழியில் நிற்காது என்பது மட்டும்தான். ஆனாலும் நாளைக் காலை அவள் போகவிருக்கும் விமானி வேலை நேர்காணலுக்கு, வீட்டில் அவர்தான் தேர்வுக் குழு. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவைத்த நாளிலிருந்து இந்தப் பதவி. கேள்வி கேட்கும்போது மட்டும் மகளை ‘நீங்க’ என்பார். ஒருநாளும் அவளைத் தேர்வு செய்ததில்லை.

“ஒரு இன்ஜின்ல தீப்பிடிச்சிருச்சு. என்ன பண்ணுவீங்க?”

“மொதல்ல விமானம் ஒழுங்காப் பறக்குதான்னு பாப்பேன். அப்புறம் எந்தப் பக்கம் போகணும்னு பாப்பேன். யார்கிட்டயும் பேசுறது கடைசியிலதான்.”

“உங்கம்மாவா இருந்தா மொதல்ல பேசிருப்பா.”

“காது நல்லாக் கேக்குது,” என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. “வேலை கேட்டு வந்த பொண்ணுக்கு அபராதம் போட்டு அனுப்பிடாதீங்க.”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. கேள்வித்தாளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா, நாளைக்குப் போவியா?”

இந்தக் கேள்வியில் ‘நீங்க’ இல்லை.

“போவேன்.”

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பெட்டி பெட்டியாக ஆட்களைப் பார்த்த அதே பார்வையில் பார்த்தார்.

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடு.”

“அப்பா!”

“கொஞ்சம் வெந்நீர் கொண்டா. வந்து திரும்பச் சொல்லு.”

அடுக்களையில் எவர்சில்வர் குடத்தில் அவள் முகம் அகலமாகத் தெரிந்தது. “போவேன்,” என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள். கன்னத்தை இறுக்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

“என்னடி, குடம் உன்னை வேலைக்கு எடுக்கப் போகுதா?” என்றாள் அம்மா, வெந்நீரை ஊற்றிக்கொண்டே.

டம்ளருடன் திரும்பியபோது அப்பாவின் கண்ணாடி அதே மூக்கு நுனியில் இருந்தது. கேள்வித்தாள் தரையில் கிடந்தது. ஆக்சிஜன் குழாயோடு இணைத்த குப்பியில் தண்ணீர் மட்டும் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

“பாஸா, ஃபெயிலா?” அம்மாவின் குரல் கேட்டது.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பேசுவது கடைசியில்தான். டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“போவேன்,” என்றாள், மெதுவாக.

பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு நேராக முகத்தைக் காட்டினாள்.

“இப்பப் பாத்துச் சொல்லுங்கப்பா.”