ஊமைத்தாய் பெற்ற வாய்

எங்கள் தலைவரின் அம்மா ஊமை என்பது கட்சியில் எல்லோருக்கும் தெரியும். கட்சியே அதன்மேல்தான் நின்றது. "பேச வாயில்லாதவள் பெற்ற வாய் இது. என் தமிழுக்காகப் பேசாமல் வேறு எதற்காகப் பேசும்?" என்று தலைவர் வேள்மாறன் மேடையில் நிறுத்துவார். கூட்டம் அழும். கல்லூரி வாசலில் நடந்த கூட்டத்தில் நானும் அழுதேன். பிறகு அதே வரியைச் சொல்லி ஊர் ஊராக நான் மற்றவர்களை அழவைத்தேன்.

அவர் வாழ்க்கை அப்படி. பெயர்ப்பலகையில் தார் பூசிச் சிறைக்குப் போனார். தேசத்துரோக வழக்கு வாங்கினார். பிற மொழிக்காரன் தமிழ்நாட்டை ஆண்டது போதும் என்று பேசி, பாதிப் பேருக்குச் சாமியாகவும் மீதிப் பேருக்குப் பேயாகவும் ஆனார். நின்ற தேர்தலிலெல்லாம் தோற்றார். ஆனால் தோற்கத் தோற்க ஓட்டு ஏறியது. இந்த முறை பெரிய கட்சிகளே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பின.

எனக்கும் இந்த முறைதான் வாய்ப்பு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவளின் மகள், எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவள், எங்கள் தொகுதி வேட்பாளர். ஞாயிற்றுக்கிழமை பெயரை அறிவிப்பதாக இருந்தார்கள். மாரித்தாய் என்ற என்னைக் கட்சி மழைமொழி என்று மாற்றியிருந்தது. சுவரொட்டியில் அந்தப் பெயரைப் பார்த்த அம்மா, "யாருடி இவ, உன்னை மாதிரியே இருக்கா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் தலைவரின் அம்மா இறந்துபோனார்.

மதுரை வீட்டில் பந்தல் போட்டாயிற்று. ஐஸ் பெட்டிக்குள் அந்தச் சின்ன உடம்பு. தெரு முழுக்கக் கட்சிக்கொடி, மூன்று தொலைக்காட்சி வண்டிகள். எங்கள் கட்சி வழக்கப்படி வந்தவர்களெல்லாம் நெற்றியில் மண் தொட்டு, "என் தாயும் அவள் தாயும் பேசியது தமிழே" என்று உறுதி சொல்லிவிட்டு வரிசையில் நின்றார்கள். இரங்கல் கூட்டத்தை நான்தான் தொடங்கி வைக்க வேண்டும். அந்த வரியோடு.

அப்போதுதான் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கரிசல் பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். தலையை விரித்துக்கொண்டு நேரே உள்ளே ஓடி, பெட்டியைச் சுற்றித் தோளோடு தோள் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள்.

தெலுங்கில்.

மாவட்டச் செயலாளர் பொழிலன் என்னிடம் பாய்ந்து வந்தார். "யாரு தங்கச்சி இவளுக? எவன் கூட்டியாந்தான்? டிவிக்காரன் வாசல்ல நிக்கிறான், இவளுக பாட்டுக்கு இழுக்குறாளுக!"

"துக்கத்துக்கு வந்தவங்கண்ணே."

"நம்ம துக்கத்துல இவளுகளுக்கு என்ன சோலி? எனக்கு ஒரு எழவும் புரியல. வெரட்டி விடு."

அதற்குள் தலைவர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. தாய் போன துக்கம் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு அந்தப் பேச்சு தெரியும்ல?"

தெரியும். தீப்பெட்டி ஆபீசில் என்னை மடியில் போட்டு வளர்த்த பாதிப் பேர் அந்தப் பேச்சுக்காரர்கள். அந்தத் தெருக்களில் ஓட்டுக் கேட்கப் போனால் கட்சி என்னைத்தான் முன்னால் விடும். ஓட்டுக் கேட்க மட்டும் அந்த மொழி ஆகும்.

"போய் நிறுத்தச் சொல்லு. அழணும்னா வாயைப் பொத்திட்டு அழச் சொல்லு."

"யாருங்கய்யா அவங்க?"

கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சித்தி."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எந்தச் சித்தி, யாருடைய சித்தி என்று யோசித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். நடுவில் இருந்த கிழவி, பெட்டிக் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போடுவாயே அக்கா, கிணற்று மேட்டில் நின்று நீ கூப்பிட்டால் நாலு காடு தாண்டி மாடு திரும்புமே அக்கா, அந்தக் குரலை எவன் தின்றான்?

நான் அவள் பக்கத்தில் குந்தினேன். அவள் பேச்சிலேயே கேட்டேன். "பாட்டி, இவங்க ஊமைதான?"

கிழவி பாட்டை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினாள்.

"யாருடி ஊமை? எங்க அக்கா லட்சம்மாவா? அவ வாய்க்குப் பயந்து மாப்ள வீட்டுக்காரன் ரெண்டு தரம் திரும்பிப் போனான்டி!"

"அப்ப எப்படி..."

"இவன் பெரிய மனுசன் ஆனானில்ல. வாயத் தொறந்தா நம்ம தெலுங்கு இழுவை வந்துரும், வெளியாளுக முன்னாடி பேசாதம்மான்னான். சரி, புள்ளைக்காகன்னு இருந்தா. பெறகு ஊமைன்னே மேடையில சொல்லிட்டான். அதுக்கப்புறம் வேலைக்காரி முன்னாடி பேச முடியுமா, டிரைவர் முன்னாடி பேச முடியுமா?"

"யார்கிட்டயுமே பேசலையா?"

"எங்கிட்ட பேசுவா. போன்ல. மோட்டார் ரூமுக்குள்ள போய், மோட்டாரப் போட்டுவிட்டுப் பேசுவா. பாதி அந்த எரைச்சல்தான் கேக்கும். 'ஏய் ராமலக்கு, நீ சும்மா எதையாச்சும் பேசு, நான் கேக்கேன்'னுவா." கிழவி மூக்கைச் சிந்தினாள். "செத்ததைக்கூட டிவியிலதான்டி பாத்தோம்."

அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். போகும்போதெல்லாம் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாயையே பார்ப்பார். நான் சத்தம் போட்டு, ஜாடை காட்டிப் பேசுவேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி வழிகிறதே என்று ஒருநாள் நானே போய் அணைத்திருக்கிறேன்.

எழுந்து நேரே பின்கட்டுக்குப் போனேன்.

"நிறுத்திட்டாங்களா?" என்றார் தலைவர்.

"உங்க அம்மா ஊமை இல்ல."

அவர் மறுக்கவே இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. "முதல் தேர்தல்ல ஒரு கூட்டம். கல்லெறிஞ்சாங்க. வாயில வந்ததைச் சொன்னேன். ஜனம் அழுதிருச்சு. சொன்னதைத் திருப்பி வாங்க முடியுமா? அம்மாகிட்ட கேட்டேன். சரின்னு தலையாட்டினாங்க."

"தலையத்தான ஆட்ட முடியும்?"

"எனக்காகச் செய்யல, இனத்துக்காகச் செஞ்சாங்க." குரலைத் தாழ்த்தினார். "மழைமொழி, ஞாயித்துக்கிழமை உன் பேரு வரணுமா, வேண்டாமா? போ. அவங்களை அடக்கிட்டு, மைக்கைப் பிடிச்சு அந்த வரியைச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை என் பெயர் வர வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே வேண்டும். என் அம்மா எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

முன்கட்டில் பொழிலன் மைக்கை என் கையில் திணித்தார். தெருவெங்கும் குழாய் ஒலிபெருக்கி. கூட்டம் அமைதியானது. தலைவர் வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது, எத்தனையோ மேடையில் பழகின வரி. கண்ணாடிக்குள் பார்த்தேன். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள்.

குனிந்து மைக்கை ராமலக்குப் பாட்டியின் மடியில் வைத்தேன்.

"பாடு பாட்டி. சத்தமா."

அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அக்காவின் சண்டையும் கிணற்று மேடும் நாலு காடும் ஒலிபெருக்கியில் ஏறித் தெருவெங்கும் போயின. தலைவர் கேமராக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையும் வரவில்லை.

வாசலில், சற்றுமுன் மண் தொட்டு உறுதி சொன்ன மகளிரணிப் பெண் ஒருத்தி, கொடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து வளையத்தில் உட்கார்ந்தாள். அடுத்த அடியை அவளே எடுத்துக் கொடுத்தாள். அதே மொழியில். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

பொழிலன் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு என் காதில் சீறினார். "என்ன காரியம்மா பண்ணிட்ட! ஊமைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கோம். ஊமை எப்படிம்மா தெருவுக்கே கேக்குற மாதிரி சண்டை போடும்?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்க பாடுறது உங்களுக்கு எப்படிண்ணே புரியுது?"

வயரைப் பிடித்த கை அப்படியே நின்றது.