தூஜோங் மரத்தில் நாலரை விரல்

ஊர்த் தலைவர் தியான் நகரத்துக்குப் போய் பட்டை உரிப்பதில் மூன்று நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். அதில் இரண்டு நாள் விருந்து, ஒரு நாள் தூக்கம். கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றினாரோ என்னவோ. அன்றிலிருந்து சீனத்துக் குயிஜோ மலையில் தூஜோங் மரப்பட்டையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கைலியன் இருபது வருடமாகப் பட்டை உரிப்பவள். இடுப்புவலிக் கஷாயத்துக்குப் போகும் பட்டை அது. மழை விட்ட மூட்டமான நாளில் கத்தியால் கீறி, அடிமரத்தைச் சுற்றி முழுசாக உரித்தெடுத்து, உடனே பாலிதீன் தாளைச் சுற்றிக் கட்டிவிடுவாள். உரித்த ஈர மரத்தில் மட்டும் யார் கையும் படக்கூடாது. பட்ட இடம் செத்துப்போகும், படாத இடத்தில் ஒரே மாதத்தில் புதுப்பட்டை வந்துவிடும். அவள் உரித்து ஒரு மரமும் பட்டுப்போனதில்லை.

அன்று வெளியூர் மருந்துக் கடைக்காரர்கள் நாலு பேர் பார்க்க வந்திருந்தார்கள். கைலியன் தன் மரத்தை உரித்துவிட்டுத் தாளை எடுக்கக் குனிந்தாள். தியான் ஒரு பட்டையை ஒடித்து, உள்ளிருந்து வெள்ளிநூல் போல இழுபட்ட பிசினைக் காட்டினார். ஏதோ அவரே உட்கார்ந்து நூற்றுவைத்த மாதிரி. பிறகு வலது கையை, எப்போதோ தீவனக் கத்தியில் ஆள்காட்டி விரல் பாதி போன கையை, ஈர மரத்தில் அழுத்தி வைத்தார்.

"தொட்டுப் பாருங்க, குழந்தை கன்னம் மாதிரி இருக்கு."

"தலைவரே, கையை எடுங்க."

"சும்மா இரும்மா. பயிற்சிக்குப் போனது நானா, நீயா?"

இரண்டு வாரத்தில், ஆவி படிந்த தாளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. சந்தையில் தியான் வாய் கூசாமல் சொன்னார்: "அவதான் தொட்டிருக்கா. வயசாச்சுல்ல, கை நடுங்குது."

அந்த மலையில் தலைவர் சொன்னால் காகமும் வெள்ளைதான். அதன்பின் ஒரு வீட்டிலும் கைலியனைக் கூப்பிடவில்லை. கத்தி உறையிலேயே கிடந்தது.

மாதம் முடிந்ததும் ஊரையே கூப்பிட்டாள். "தாளைப் பிரிக்கப்போறேன். தலைவரும் வரணும்."

கூட்டம் என்றால் அவருக்குக் கால் நிற்குமா? அட்டையோடு வந்து முன்னால் நின்றார்.

கைலியன் கயிற்றை அறுத்தாள். மரம் முழுக்கப் புதுப்பட்டை பிடித்திருந்தது. தோள் உயரத்தில் மட்டும் ஓர் உள்ளங்கை அச்சு, கன்னங்கரேலென்று. கட்டைவிரல், பாதி விரல், அப்புறம் மூன்று முழு விரல்.

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. தியான் வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வெளிய எடுங்க, தலைவரே," என்றாள் கைலியன். "வெச்சுப் பாருங்க. இனிமே தொட்டா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவருக்குத் திடீரென்று எங்கோ அவசர வேலை வந்துவிட்டது. அவர் முதுகு மறைவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி நெருங்கி வந்தாள்.

"அக்கா, எங்க மரம் மூணு இருக்கு. எப்ப வர்றீங்க?"

"வர்றேன். தலைவர் ஊர்ல இல்லாத நாளாப் பாத்துச் சொல்லு."