பிளக்கைப் பிடுங்குங்க, சார்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். காலை இழந்து வருகிறவர்களின் மிச்சக் காலை நாற்பத்திரண்டு இடங்களில் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அந்த அளவை வைத்துத்தான் பின்னறையில் இருக்கும் மெஷின் அச்சைக் கடைந்து தரும். பதினாறு வருஷத்தில் இரண்டாயிரத்து முன்னூறு பேரின் அளவு சேர்ந்திருந்தது. ஒரு மில்லி பிசகினால் போதும், நடக்கிறவருக்குப் புண் வந்துவிடும். அதனால் ‘உத்தேசமா’ என்கிற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளிடம்தான் தலைமை அலுவலகத்தின் உத்தரவு வந்து சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர் ஏழும் வெள்ளிக்கிழமை லாரியில் போய்விடும். பதிலுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள், அவற்றில் புது ஆபரேட்டிங் சிஸ்டம். நல்லதுதானே என்றால், அளவுப் புரோகிராம் அந்தப் புது சிஸ்டத்தில் ஓடாது. அதை எழுதிய கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. சேர்த்து வைத்த அளவுகள் வேறு எந்தப் புரோகிராமிலும் திறக்காது. அதற்கும் உத்தரவில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: ‘அனைவரையும் மீண்டும் வரவழைத்து அளந்துகொள்ளவும்.’

அதை எழுதிய மகராசனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்திருக்க வேண்டும். ஊன்றுகோலோடு மூன்று பஸ் மாறி வந்து, ஈர பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படி எழுதக் கை வந்திருக்காது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறதே என்று அவள் பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் வேற்று மனிதர் இல்லை, தலைமை அலுவலகத்துக்காகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவள் கொழுந்தனார். அவள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறவர். பட்டறையில் அவருக்கு அப்டேட் சார் என்று பெயர், ஏனென்றால் அவர் வந்துபோன மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடியதில்லை. வீட்டில் அவர் அவளுக்குத் தம்பி, பட்டறையில் சார். கோபம் வந்தால் வீட்டிலும் சார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் சார்தான்.

“பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க அண்ணி. காலம் மாறுது.”

“காலம் மாறட்டும் சார். அளந்த கால் மாறலையே.”

“புரோகிராம் ஓடாதுன்னா ஓடாதுதான். நான் என்ன பண்ணட்டும்?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் ஓட்டிக் காட்டறேன். எனக்கு ஒரு புதுப் பெட்டியை மட்டும் முன்னாடியே அனுப்பி வைங்க.”

மாமனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவருக்கும் இடது கால் அந்தப் பட்டறையில் செய்ததுதான். ராத்திரி கழற்றினால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும், காலையில் பல் தேய்க்கப் போகிற யாருடைய கண்ணிலும் அதுதான் முதலில் படும். பெரிய மகன் மனைவியும் சின்ன மகனும் மோதிக்கொள்ளும்போது வாயைத் திறப்பதில்லை என்பது அவர் கடைப்பிடித்து வந்த ஒரே ஒழுக்கம்.

புதுப் பெட்டி திங்கட்கிழமை வந்தது. அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி இதுதான். புதுக் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே, கையால் தொட முடியாத ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கிவிடலாம். விர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். பழைய பெட்டியில் இருப்பதை அப்படியே நகலெடுத்து அதற்குள் குடியேற்றினால், வீடு மாறியதே தெரியாமல் புரோகிராம் பாட்டுக்கு ஓடும்.

சொல்லும்போது சுலபம். அந்தப் புரோகிராமுக்குப் பெட்டிக்கு ஒன்றாக யூஎஸ்பி சாவி உண்டு. பெட்டியில் அதைச் செருகினால்தான் திறக்கும். புது சிஸ்டமோ செருகின உடனே சாவியைத் தனக்கே எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன் என்றது. புதுப் பணக்காரன் புத்தி. அதோடு மல்லுக்கட்டியே திங்கள் முழுக்கப் போயிற்று. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, சாயங்காலம் ஐந்தரைக்கு நகர்ந்தது. உள் மெஷினின் கறுப்புத் திரையில் புரோகிராமின் பச்சை முகப்பு எழுந்தபோது அவள் மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்து அறையில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தவர் பயந்து ஓடிவந்தார்.

ஆனால் அளவு எடுக்கிற மேஜை ஏழு. உட்காருகிறவர்களும் ஏழு பேர். அவர்களை எல்லாம் தினமும் மெஷினைக் கிளப்பு, சாவியைக் கொடு, ஒழுங்காக மூடு என்று படுத்த முடியுமா? செவ்வாய்க்கிழமை அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகள், எழுதினாள். காலையில் பெட்டியைப் போட்டால் போதும். உள் மெஷின் தானே கிளம்பும், சாவி தானே கை மாறும், புரோகிராம் தானே திறக்கும். சாயங்காலம் தானே அடங்கும். வைரஸ் வருமே என்று அப்டேட் சார் போனில் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தாள். உள் மெஷினுக்கு இன்டர்நெட்டே கிடையாது. கதவே இல்லாத அறைக்குள் திருடன் எந்த வழியாக வருவான்?

புதன்கிழமை பட்டறையின் டைரக்டரம்மா நேரில் பார்க்க வந்தார். கூடவே அப்டேட் சார், கையில் ஒரு படிவத்தோடு. கைவிட வேண்டியவை என்ற தலைப்பின் கீழே முதல் வரியிலேயே அளவுப் புரோகிராமின் பெயர் இருந்தது. அளவுக்காரி பெட்டியைப் போட்டாள். எல்லாம் தானே கிளம்பியது. டைரக்டரம்மா, “அட” என்றார்.

“நேத்து வந்தாரே தபால்காரர், அவர் அளவைக் காட்டும்மா.”

பெயரைப் போட்டாள். இல்லை. நம்பரைப் போட்டாள். இல்லை. முந்தின நாள் அவளே தன் கையால் ஏற்றிய நாற்பத்திரண்டு எண்ணும் இருந்த இடம் தெரியவில்லை.

“சட்டியில இருந்தாத்தானே அண்ணி அகப்பையில வரும்?” என்றார் அப்டேட் சார். அலுவலகத்தில் அண்ணி என்றது வேண்டுமென்றேதான்.

அவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. அடுத்த நிமிஷமே காரணம் புரிந்துபோயிற்று, அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது. மெஷினைச் சுத்தமாக அமைத்த அன்றே அதன் அப்போதைய நிலையைப் படம் பிடித்த மாதிரி ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். எந்தக் கோளாறும் மறுநாளைக்கு ஒட்டிக்கொண்டு வரக்கூடாதே என்று, காலையில் கிளம்பும்போதெல்லாம் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கே திரும்பிப் போகும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். அது சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. கோளாறோடு சேர்த்து நேற்றைய தினத்தையும் துடைத்துவிட்டது. குளிக்கப் போய்ச் சேறு பூசிக்கொண்டாள்.

“தப்பு என்னோடது,” என்றாள் டைரக்டரம்மாவைப் பார்த்து. “மெஷினோடது இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க.”

“நாளைக்கும் காணாமப் போனா?”

“போகாது.”

“போனா?”

“நானே கையெழுத்துப் போட்டு ஏழு பெட்டியையும் லாரியில ஏத்தறேன்.”

அவர்கள் போனதும் பிளாஸ்டர்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். வயசில் மூத்தவர். “தங்கச்சி, அப்டேட் சாரோட அப்பா அளவும் இதுலதானே இருக்கு? அதை ஒரு வார்த்தை எடுத்து விடு. மனுஷன் அப்படியே உருகிடுவார்.”

“வேணாம்ண்ணே. உறவைக் காட்டி ஜெயிச்சா அது என் ஸ்கிரிப்ட் ஜெயிச்சதா ஆகுமா? மாமனார் கால் இல்லேன்னா மத்தவங்க கால் போகட்டும்னு ஆயிடும். நான் மெஷினைக் காட்டியே ஜெயிக்கறேன்.”

தபால்காரரைத் திரும்ப வரவழைக்கவும் அவளுக்கு மனமில்லை. நல்லவேளையாக அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னிருந்தே பிளாஸ்டர்காரர், மிச்சக் காலில் சுற்றி எடுத்து, கால் தயாரானதும் உடைத்துப்போடும் ஒவ்வொரு பிளாஸ்டர் அச்சின் உட்புறத்திலும் அழியாத பென்சிலால் அளவுகளை எழுதிவிடுவார். எதற்கு இந்த வெட்டி வேலை என்று அவளே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இப்போது தபால்காரரின் அச்சைக் கவிழ்த்துப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் படித்துத் தாளில் எழுதிக்கொண்டாள். பிளாஸ்டர்காரர் டார்ச்சைக் கொஞ்சம் கூடுதல் பெருமையோடு பிடித்தார்.

அந்த வெளுத்த அச்சைக் கையில் பிடித்திருந்தபோதுதான் அவளுக்கு வழியும் பிறந்தது. இவர் மாதிரியே செய்தால் என்ன? ஓர் அளவு உள்ளே ஏறியதும் அதே நொடியில் ஒரு நகல் வெளியே, புதுப் பெட்டியில் வந்து விழ வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்குத் தினமும் போகவே கூடாது. உள் மெஷின் படுத்துவிட்டால் மட்டும்தான் போக வேண்டும். அப்படிப் போனாலும், வெளியே இருக்கும் நகல்களை வரிசையாக உள்ளே ஏற்றி எண்ணிக்கை சரிபார்த்த பிறகுதான் புரோகிராம் திறக்க வேண்டும். மதியத்துக்குள் எழுதினாள். சாயங்காலம் வரை அதைப் பதினொரு தடவை வேண்டுமென்றே கொன்று பிழைக்க வைத்தாள்.

வியாழன் பதினோரு மணி. டைரக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அப்டேட் சார் உட்காரவில்லை. அளவுக்காரி தாளைப் பார்த்துத் தபால்காரரின் அளவுகளை ஏற்றிச் சேமித்தாள். பிறகு எழுந்து வழிவிட்டாள்.

“பிளக்கைப் பிடுங்குங்க, சார்.”

“என்ன?”

“சுவத்துல இருக்கில்ல, அந்த பிளக். பிடுங்குங்க.”

“விளையாடாதீங்க அண்ணி. ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்.”

“அதனாலதான் சொல்றேன். பட்டறையில கரண்ட் என்ன சொல்லிக்கிட்டா போகுது? பிடுங்குங்க.”

அவர் டைரக்டரம்மாவைப் பார்த்தார். டைரக்டரம்மா தலையை ஆட்டினார். அப்டேட் சார் குனிந்து பிடுங்கினார். திரை செத்தது. திரும்பச் செருகினார். அளவுக்காரி பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டு ஜன்னலோரம் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இனி தொடமாட்டேன் என்பது அதற்கு அர்த்தம்.

நாலு நிமிஷம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாலு நிமிஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. உள் மெஷின் கிளம்பியது, தடுமாறியது, விழுந்தது. டைரக்டரம்மா பெருமூச்சு விட்டார். ஸ்கிரிப்ட் அதை ஸ்னாப்ஷாட்டில் திரும்ப நிறுத்தி நகல்களை ஏற்ற ஆரம்பித்தது. திரையின் மூலையில் எண்கள் ஓடி, இரண்டாயிரத்து முன்னூற்று ஒன்றில் நின்றன. பச்சை முகப்பு வந்தது. தபால்காரர் கடைசி வரியில் இருந்தார்.

“இன்னும் முடியல,” என்றாள் அவள். “பழசுல ஒரு நம்பரை நீங்களே சொல்லுங்க சார். நான் முன்னாடியே ஏற்பாடு பண்ணி வச்சதுன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “ஆயிரத்து நூத்தி எண்பத்து நாலு.”

அவள் விரல் நின்றது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும் காலின் உட்புறத்தில் அச்சடித்திருக்கிற எண் அது. அதை வீட்டில் அவள் ஒருத்திதான் கவனித்திருக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணைப் போட்டாள். மாமனாரின் அளவு மூன்று வரிசையாக வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆறு வருஷத்துக்கு முன்னால், போன மாதம். கொழுந்தனார் குனிந்து, விரலால் கோடு தொட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“தொடை இவ்வளவு இளைச்சிருக்கா?”

“ஆமா. பழைய அளவு பக்கத்துல இருக்கறதாலதான் தெரியுது. புதுசா அளந்தா இன்னிக்கு எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியும். கால் லூசாயிடுச்சு. அதான் நடக்கும்போது டக் டக்குன்னு சத்தம் வருது. மாடியில உங்களுக்குக் கேக்கறதில்லையா?”

“கேக்கும்,” என்றார் அவர். “தினமும் கேக்கும்.”

கொழுந்தனார் படிவத்தை மேஜையில் வைத்து, முதல் வரியைப் பேனாவால் அழுத்தி அடித்தார். தாள் கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி அடித்தார்.

“தலைமை அலுவலகத்துல கேள்வி கேப்பாங்க அண்ணி. லேசுல விடமாட்டாங்க.”

“கேக்கட்டும் தம்பி,” என்றாள் அவள். “வந்து பிளக்கைப் பிடுங்கிப் பாக்கச் சொல்லுங்க.”