காயத்ரியின் கோடு

இனி நரம்பியல் லேபில் தவளையும் கிடையாது, நாற்றமும் கிடையாது என்று எபினேசர் சார் காலையிலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். காலேஜுக்கு வந்திருந்த, நரம்பைச் சோதிக்கும் புதுப் பெட்டிக்கு அட்டெண்டர் சந்தனம் குங்குமம் வைக்க, சார் தன் பங்குக்கு ஜெபமும் பண்ணினார். முழங்கையில் லேசாக ஷாக் கொடுத்தால், கட்டைவிரல் எவ்வளவு சீக்கிரம் துள்ளுகிறது என்று லேப்டாப் கோடு போட்டுக் காட்டும். தவளைக்குப் பதில் இனி பிள்ளைகளின் கைதான்.

ஹெலனின் கோடு மெதுவாக எழுந்தது. பக்கத்துப் பெண்ணுக்கும் அப்படியே. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் உருக்கும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற தெருக்காரர்கள். அத்தனை பேருக்கும் புத்தகத்தில் இருப்பதைவிடத் தாமதம். சார் அசரவில்லை.

“புக்கு வெள்ளக்காரன் ஒடம்ப வெச்சி எழுதனது. நம்ம ஆளுக்கு நம்ம கிளாஸ் ஆவரேஜ்தான் நார்மல்” என்றார். அதையே சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

கடைசியாகக் காயத்ரி. திருப்பாச்சூரில் சொந்த நிலத்தில் நெல் விளைகிற வீட்டுப் பெண். ஹாஸ்டலுக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை. அவள் விரல் வெடுக்கென்று துள்ளியது. சார் ஒயரைக் கழற்றி மாட்டினார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், கரண்ட்காரனைத் திட்டினார். கோடு மாறவில்லை. அவள் கையில்தான் ஏதோ கோளாறு என்று கணக்கிலிருந்து அவளை நீக்கிவிட்டார். வகுப்பே சிரித்தது.

ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. காயத்ரியின் கோடும் புத்தகத்தில் இருந்ததும் அச்சு அசலாக ஒன்று. எழுந்து நின்றாள்.

“சார், கோளாறு எங்க கையில இருந்தா?”

சார் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் ஹெலனின் வீட்டில் தம்பி அன்பு புதுக் காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை முதல் அவனுக்கு அதே ஈயக் கம்பெனியில் வேலை. அங்கேயே உழைத்துத் தேய்ந்த அப்பா இம்மானுவேல், நடையாய் நடந்து வாங்கிய வேலை. ஹெலன் லேபில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“அங்க போவாதடா, ஈயம் நரம்ப அரிச்சிடுது” என்றாள்.

அப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

“அதான் கம்பெனில டெய்லி பாலு குடுக்கறானே. பாலு குடிச்சா ஈயம்லாம் எறங்கிடும்மா.”

சொல்லிக்கொண்டே மகனின் காலர் பித்தானைப் போட்டுவிடக் கையைத் தூக்கினார். கை போனது, மணிக்கட்டு எழவில்லை. இடது கையால் வலது கையை முட்டுக் கொடுத்து மறுபடி முயன்றார்.

“உடு நைனா, நானே போட்டுக்குறேன்” என்றான் அன்பு.

இம்மானுவேல் விடவில்லை. அவருடைய விரல்கள் பித்தானுக்குச் சற்றுக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.