இரண்டு வாய் பாக்கி

குழந்தை பிறந்த இருபத்தாறாம் நாள் காலையில் குழந்தையின் எடை நாலு கிலோ இருநூறு, தாயின் எடை மூன்று கிலோ தொள்ளாயிரம். இரண்டையும் நிறுத்தது வீடு வீடாகப் போய்த் தாய் சேயைப் பார்க்கும் நர்ஸம்மா. கையோடு கொண்டுவந்த ஸ்பிரிங் தராசில் முதலில் குழந்தையைத் தொங்கவிட்டார். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தார். மெத்தை ஒரு விரல் அளவுகூட அமுங்கவில்லை. அவளைப் போர்வையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அதே கொக்கியில் மாட்டினார். பார்வைக்கு ஆள் அப்படியேதான் இருந்தாள். அதே கை, அதே கால். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

இது அவள் புருஷனுக்குத் தெரியாமல் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் இருக்கிற அத்தனை தராசுகளையும் பழுது பார்க்கிற மெக்கானிக் அவன். அதனால்தான் தெரியாமல் போனது! ஒன்பதாம் நாள் வீட்டுத் தராசு அவளை நாற்பது கிலோ என்று காட்டியதும், தராசில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கழற்றிப் போட்டு, பழைய எடையான ஐம்பத்து நாலில் முள் நிற்கும்வரை திருகினான். அடுத்த வாரம் இருபத்தைந்து காட்டியது, மறுபடி திருகினான். அதே தராசில் விளையாட்டாக ஏறி நின்ற அவனுடைய அக்காவுக்கு நூற்றைம்பது கிலோ காட்ட, அவள் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி தையல்காரி. மிதித்தால் மெஷின் பெடல் இறங்கவில்லை, ஃபேன் போட்டால் தள்ளாடுகிறேன் என்று அவள் சொன்னபோது, பெடலுக்கு எண்ணெய் விட்டான், ஃபேனைக் குறைத்து வைத்தான். அவளே பாவாடை ஓரத்தில் இரண்டு தராசுப் படிக்கற்களை வைத்துத் தைத்துக்கொண்டாள்.

"நேத்து இந்தப் பொண்ணு என்ன சாப்பிட்டா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"சாப்பாட்டுக்கு என்னங்க குறைச்சல்? வர்றவங்க போறவங்க எல்லாம் கொண்டுவந்து குடுக்கறாங்களே" என்றான் மெக்கானிக்.

"வீட்டுக்குள்ள வந்ததைக் கேக்கல. வயித்துக்குள்ள போனதைக் கேக்கறேன்."

சின்னத் தராசில் தினமும் நிறுத்த குழந்தையின் இருபத்தாறு நாள் எடையையும் கிராம் தவறாமல் ஒப்பிக்கக்கூடியவன் மனைவி பக்கம் திரும்பினான். தையல்காரி யோசித்து யோசித்துச் சொன்னாள்: "காலைல ஒரு ரொட்டி ஓரம். அப்புறம் குழந்தை அழுதுச்சு. மத்தியானம் இவரோட அக்கா வந்தாங்க, அவங்க பசங்க வந்தாங்க... எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க."

உண்மை அதுதான். இருபத்தாறு நாளும் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள். பதில் வருவதற்குள் தொட்டிலுக்குப் போய்விட்டார்கள். "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கென்று கொண்டுவந்ததைத் தாங்களே சுற்றி உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்கள். பரிமாறியதும் அவள்தான். மிச்சத்தை ஒரு கையில் குழந்தையோடு, நின்றபடி, ஆறிப்போன பிறகு வாயில் போட்டுக்கொண்டாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல இறங்குது. மூணு நாள் தாங்கும்" என்றார் நர்ஸம்மா. "முட்டை, மீன், பருப்பு, கீரை, பால், பழம். எல்லாம் சுடச்சுட, உக்காந்து, முழுசா. பால் குடுக்கறப்போ பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி. இவ தட்டு காலியாகிற வரைக்கும் இந்த வீட்ல வேற யாரும் வாயில ஒண்ணும் போடக்கூடாது."

"பூஜ்யத்துக்குப் போயிட்டா?"

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லப்பா."

அவர் போனதும் மெக்கானிக் தராசைப் பழையபடி சரி செய்தான். பாவாடைக் கற்களைப் பிரித்து எடுத்துவிட்டு, தராசு மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அதன் எடையைக் கழித்து, மனைவியை உட்கார வைத்தான். மூன்று கிலோ எழுநூறு. அடுப்பில் நின்று அவனே சமைத்தான். முட்டை கொஞ்சம் கருகியது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முள்ளையே பார்த்தான். முதல் வாய்க்கு முள் அசையவில்லை. இரண்டாவது வாய் போகும்போது குழந்தை வீறிட்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது. முள் சடாரென்று மூன்றரைக்கு இறங்கியது.

"நான் பாத்துக்கறேன். நீ சாப்பிடு, சாமி, சாப்பிடு" என்று கெஞ்சினான்.

அந்த நேரம் பார்த்து அக்கா கதவைத் தட்டினாள். அவன் ஒரு சாண் அளவுக்குத் திறந்தான்.

"குழந்தையைப் பாக்க வந்தவளை வாசல்லயே நிக்க வைக்கறியே, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"அவ சாப்பிட்டுட்டு இருக்காக்கா."

"சாப்பிடட்டுமே! நான் என்ன அவ தட்டையா பிடுங்கப் போறேன்?"

"உன்னைப் பாத்தா எந்திரிச்சிடுவா அக்கா. தட்டைக் கீழ வெச்சிட்டு, உனக்கு எடுத்து வைக்க எந்திரிச்சிடுவா." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா கதவிடுக்கில் இரண்டு கையையும் நீட்டி, அழுகிற குழந்தையை வாங்கிக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தையல்காரி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பழத்தையும் தின்று, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். மூன்றரையில் நின்றிருந்த முள் ஒரு தடவை நடுங்கி, நாலைத் தாண்டிப்போய் நின்றது. நாற்காலி கிறீச்சென்றது. அந்தச் சத்தத்துக்காக அவன் அன்று முழுக்கச் சந்தோஷப்பட்டான்.

ஐம்பத்து நாலு திரும்பி வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் கடைத்தெருவில் வேறொன்று தொடங்கியிருந்தது. காலையில் தையல்காரி சாப்பிட்டு முடிக்கும்வரை எந்தக் கடைத் தராசும் எதற்கும் எடை காட்டுவதில்லை. மீன், வெங்காயம், ஆணி, பழைய பேப்பர், எதை வைத்தாலும் பூஜ்யம். கடைக்காரர்கள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். ஸ்பேனரோடு வந்தவன் ஒரு தராசின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். அவன் திருத்தாமல் விட்டது அந்தத் தடவை மட்டும்தான்.

இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அதன் அத்தை இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் தையல்காரிக்குத்தான் தட்டு வைக்கிறாள். கடைத்தெருவும் பழகிவிட்டது. எட்டு மணிவாக்கில் மீன்காரர் தராசுத் தட்டில் மீனை வைத்துவிட்டு எதிரே தையல்காரி வீட்டு ஜன்னலைப் பார்த்து, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று குரல் கொடுப்பார்.

"இன்னும் ரெண்டு வாய் பாக்கிண்ணே!"

"மெதுவா சாப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் காத்திருக்கிறார். வாங்க வந்தவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள்.