எங்கள் பிள்ளை இல்லை

ராசம்மா தன் பிள்ளையைப் புதைத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஐம்பதாம் ஆண்டு மழை அது. உடப்புசல்லாவைப் பக்கம் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் கீழ்எல்லையில் மண் சரிந்து, கட்டட வேலைக்கு வந்திருந்த சிங்கள மேசனும் அவன் மனைவியும் குடிசையோடு போய்விட்டார்கள். எட்டு மாதக் குழந்தை மட்டும் தப்பியது. அதைத் தேடிச் சொந்தம் என்று யாரும் வரவில்லை. பசியில் வீறிட்ட பிள்ளையை யாரோ ராசம்மாவின் மடியில் போட்டார்கள். கட்டிக்கிடந்த பாலை அது உறிஞ்சியபோது அவள் வாய்விட்டு அழுதாள். அன்றிலிருந்து அவன் அவளுடைய பிள்ளை.

பெற்றவர்கள் வைத்த பெயர் சுமணபால. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அது சுமணன் என்றானது. புருஷன் சோலைமலை, தேயிலை மலைக்கு வேலைக்குப் போகும்போது அவனைத் தோளில் தூக்கிப் போவான். தமிழ்தான் அவன் பேச்சு. ஆனாலும் பந்து விளையாட்டில் தோற்ற பையன்கள் "சிங்களவன்" என்பார்கள். ஆற்றங்கரைக்குப் போனால் சிங்களக் கிராமத்துப் பையன்கள் "தெமளா", தமிழன், என்று கல்லெறிவார்கள்.

"நான் யாரும்மா?" என்று ஒருநாள் நெற்றியில் ரத்தத்தோடு வந்து கேட்டான்.

"நீ எம் மவன்டா. வேற என்ன வேணும் ஒனக்கு?"

அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. ராசம்மாவின் தங்கை நாகலெட்சுமி பொலன்னறுவைப் பக்கம் ஒரு பண்ணையில் கரும்பு வெட்டப் போயிருந்தாள். உடுத்திய சேலையோடு திரும்பி வந்தாள். அவள் கண் முன்னாலேயே புருஷனை வெட்டிப் போட்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து அழுதபடி உட்கார்ந்திருந்தாள்.

சுமணன்தான் அவளுக்குத் தேத்தண்ணி கொண்டு போனான். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

"சின்னம்மா, குடி. சூடா இருக்கு."

நாகலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோப்பையைத் தட்டிவிட்டாள். "இவன் எங் கண்ணு முன்னால வர வேணாம்க்கா," என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். சுமணன் கீழே உட்கார்ந்து சிந்தியதைத் துடைத்தான். பிறகு அவள் இருக்கும் பக்கம் போகாமல் முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான்.

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில்தான் பேச்சு முற்றியது. "தங்கச்சி தாலிய அறுத்துட்டு வந்து நிக்கிறா. நீ அந்தச் சாதிப் பிள்ளைக்கே சோறு போட்டுக்கிட்டு இருக்க," என்றாள் பக்கத்து வீட்டு மீனம்மா. மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மறுநாள் கொழுந்து பறிக்கையில் ராசம்மாவின் பக்கத்து நிரையில் நிற்க ஆளில்லை. மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், வீட்டு வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்கே அவன் முகம் அந்நியமாகத் தெரிந்தது. அந்த ஒரு நொடியைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

"பிள்ளைய பன்சலையில, பிக்குமாருகிட்ட விட்டுட்டு வந்துருவோம். நாகு தாங்க மாட்டா," என்று சோலைமலையிடம் சொன்னாள்.

"அவ சொன்னாளா?"

"சொல்லணுமா?"

ஞாயிற்றுக்கிழமை அவளும் பிள்ளையும் புறப்படும்போது சோலைமலை முதுகைக் காட்டிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தான்.

சந்தைக்குப் போவதாகத்தான் பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். வலப்பனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தையைத் தாண்டி நடந்தபோது, "இந்தப் பக்கம் ஏம்மா போறோம்?" என்றான். அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பன்சலையில் வயதான பிக்கு ஒருவர் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். யார் பிள்ளை என்று கேட்டார். ராசம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மே லமயா அபே நெமேய் ஹாமுதுருவனே," என்றாள். இந்தப் பிள்ளை எங்களுடையது இல்லை, சாமி.

சுமணனுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆனால் அந்த நாலு வார்த்தை விளங்கியது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். அழவில்லை. அவன் அழுதிருந்தால் திரும்பக் கூட்டி வந்திருப்பேன் என்று பல வருஷம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"சின்னம்மாவுக்காகத்தான்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவனைப் போய்ப் பார்க்க அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. தேங்காய் போட்டு ரொட்டி சுட்டுத் துணியில் முடிந்து எடுத்துப் போனாள். வெள்ளைச் சாரம் கட்டி, உயரமாக வளர்ந்திருந்தான். அவளைக் கண்டதும் பாய் ஒன்றை எடுத்து வந்து விரித்தான்.

"வாங்க. உக்காருங்க."

ராசம்மா நின்றபடியே இருந்தாள். அம்மா நீ வா, நீ போ என்று சேலையைப் பிடித்து இழுத்த பிள்ளை.

"நல்லா பாத்துக்கிறாங்களாடா?"

"பாத்துக்கிறாங்க. மத்த பசங்கதான் தெமளான்னு சொல்லுவானுங்க. இப்பக் கொறஞ்சிருச்சு." ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டான். "சின்னம்மா இன்னும் அழுவுறாங்களா?"

"இல்லடா."

"அவங்களுக்காகத்தான என்னைய விட்டீங்க. அப்பன்னா சரிதான்."

அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து, அவன் விசாரித்ததையும் சொன்னதையும் நாகலெட்சுமியிடம் சொன்னாள். நாகலெட்சுமி அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"எனக்காகவா? நான் அவன அனுப்பச் சொன்னேனாக்கா? எனக்கு அப்ப எந்த மொகத்தப் பாத்தாலும் அந்த ஞாபகந்தான். ஒரு மாசத்துல தெளிஞ்சிருப்பேன். எந்திரிச்சுப் பாக்கிறேன், பிள்ளையக் காணோம். கேட்டா நீ வாயத் தொறக்கல." முறத்தைக் கீழே வைத்தாள். "லயத்துக்காரங்க வாய்க்குப் பயந்து நீ செஞ்ச வேலைக்கு, எம் பேரச் சொல்லிட்டு வந்திருக்க."

சோலைமலை அடுப்பைப் பார்த்தபடி இருந்தான்.

அடுத்த ஞாயிறு ராசம்மா முதல் பஸ்ஸிலேயே வலப்பனைக்குப் போனாள். சுமணன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"சின்னம்மா ஒண்ணுஞ் சொல்லல சாமி. அவ மேல பழியில்ல. நாந்தான். நாலு பேரு பேசுனாங்கன்னு நாந்தான் ஒன்னையக் கொண்டாந்து விட்டேன். வீட்டுக்கு வந்துரு. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்."

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கடைசிச் செடிக்கு ஊற்றினான்.

"இத ஏங்க இப்ப வந்து சொல்றீங்க?" என்றான். குரலில் கோபம் இல்லை. "சின்னம்மா பாவம், அவங்க அழுததாலதான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மா மனசில்லாமதான் விட்டாங்கன்னு. அது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு வாளியை எடுத்தான்.

"பஸ்ஸு பத்து மணிக்கு. விட்டுட்டா அப்புறம் மத்தியானந்தாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ராசம்மா பத்து மணி பஸ்ஸில் ஏறவில்லை. மத்தியான பஸ் வரும்வரை ரோட்டோரத்து மதகில் உட்கார்ந்திருந்தாள். பன்சலையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.