காயவிட்ட பானெட்

இப்போதெல்லாம் யாரும் ஒரு வேலையைச் சும்மா செய்வதில்லை. காரைக் கழுவினால்கூட எதிரே போனை நிறுத்திவைத்து, ஊருக்கே பாடம் எடுத்தபடிதான் கழுவுகிறார்கள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு புட்டி. அதிலிருப்பதை ஒரு தடவை கார்மேல் பூசினால் ஐந்து வருஷத்துக்குப் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாதாம். நாற்பது வருஷம் கல்குவாரியில் லாரி ஓட்டியவன் நான். ஐந்து வருஷம் உத்தரவாதம் என்று எவன் சொன்னாலும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டு ஓடெல் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை. சனிக்கிழமையானால் இரண்டு வாளியும் ஒரு போனுமாகத் தன் காரைச் சுற்றிச் சுற்றி வருவான். ஆறு வருஷத்தில் பனியைப் பற்றித் தவிர அவனிடம் நான் எதுவும் பேசியதில்லை.

ஒரு சனிக்கிழமை என் மகள் ஜாய்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை நிறத்தில் நீளமான கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். அவள், "வேண்டாம், அப்பாவோட பிக்கப்லதான் சர்ச்சுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டாள். தொண்ணூற்று நாலாம் வருஷத்து நீல வண்டி. எங்கள் ஈரி ஏரிக்கரையில் குளிர்காலம் முழுக்கப் பனி கரைய ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அது பெயின்ட்டை அரித்துவிடும். அதையும் தாண்டி வண்டி நீலமாகவே இருந்தது, வருஷத்துக்கு இரண்டு தரம் நான் டப்பா மெழுகு போட்டுத் தேய்த்ததால்தான். இந்த வருஷம் வலது தோள் மேலே எழும்பவில்லை. வண்டி மங்கிக் கிடந்தது. அதிலிருந்து என் மகள் இறங்குவதை மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று பார்ப்பார்களே என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜாய்லின்தான் இதை ஓடெலிடம் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலை என் வாசற்படியில் அந்த மாதிரி ஒரு புட்டி, பூசுவதற்கு ஒரு பஞ்சுக் கட்டை, இரண்டு துணி. கூடவே ஒரு சீட்டு: "பெரியவரே, இதுக்குத் தோள்பலம் வேண்டாம். பூசறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க."

கூப்பிடுவேனா? மெழுகு பூசத் தெரியாதவனா நான்?

வண்டியைக் கழுவி, நல்ல வெயிலில் நிறுத்தி, பானெட் முழுக்கப் பூசினேன். மெழுகென்றால் பூசிவிட்டு விட்டுவிட வேண்டும். காய்ந்து வெள்ளையாகப் பூத்த பிறகுதான் துடைப்பது. அதனால் உள்ளே போய் ஒரு சாண்ட்விச் தின்றேன், காபியும் குடித்தேன். திரும்பி வந்து துடைத்தால் துணி வழுக்கிக்கொண்டு போகிறது, ஒன்றும் வரவில்லை. எண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி பல நிறத்தில் திட்டுத் திட்டாக இறுகிவிட்டது. சோப்புப் போட்டேன். மண்ணெண்ணெய் போட்டேன். அசையவில்லை.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவன் கதவைத் தட்டினேன். தூக்கக் கண்ணோடு வந்து பானெட்டைப் பார்த்தான்.

"எவ்ளோ நேரம் விட்டீங்க?"

"ஒரு சாண்ட்விச் நேரம்."

"வெயில்லயா?"

"பின்ன, நிலாவுலயா?"

"இது மெழுகு இல்ல, பெரியவரே. நிழல்ல வெச்சு, ரெண்டு கை அகலம் பூசி, ஒரு நிமிஷத்துல துடைச்சிரணும். நீங்க மேல கண்ணாடியே ஊத்தி வெச்சிட்டீங்க."

"அதைப் புட்டில எழுத வேண்டியதுதானே?"

"எழுதியிருக்கே. எறும்பு சைஸ்ல."

"ஏன், எறும்புக்கா விக்கறான்?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சனிக்கிழமைக்குள்ள போகுமா போகாதா, அதைச் சொல்லு."

அவன் விரலால் பானெட்டைத் தடவினான். "மிஷின் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும். உங்க பெயின்ட் மெலிஞ்சு போயிருக்கு. கொஞ்சம் அதிகமா அழுத்தினா அடிப்பூச்சு தெரிஞ்சிரும். மெதுவாத்தான் பண்ணணும்."

வண்டியை அவன் ஷெட்டுக்குள் விட்டோம். அன்றும் அடுத்த இரண்டு நாளும், தூங்க வேண்டிய நேரத்தில் அவன் என் பானெட்டின் மேல் குனிந்திருந்தான். ஓரங்களில் மிஷினை வைக்காமல் கையாலேயே தேய்த்தான். ஒருதரம் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். போனை மட்டும் வெளியே எடுக்கவேயில்லை.

"என்னப்பா, இதைப் படம் எடுக்கலையா?"

"எடுத்தா ஊரே உங்களை வெச்சுச் சிரிக்கும்."

நான் துணியை மடிக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை திட்டெல்லாம் போய்விட்டது. பிறகு வண்டி முழுக்க அவன் புட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூச, நான் இடது கையால் துடைத்தேன். "துடைங்க, துடைங்க! சாண்ட்விச் அப்புறம்!" என்று விரட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்று வண்டியைத் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டு, தன் காரை வெளியே நிறுத்தினான்.

சனிக்கிழமை காலை மழை. பானெட்டில் விழுந்த துளிகள் நிற்காமல் உருண்டு ஓடின. சர்ச் வாசலில் நான் குடை பிடிக்க, ஜாய்லின் சிரித்தபடி இறங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா வண்டிக் கதவுப் பக்கம் குனிந்தார். ஏதோ குறை கண்டுபிடிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதில் தன் முகத்தைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டார். ஓடெலை எங்கள் குடும்ப வரிசையில் என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். பிரசங்கம் முழுக்க என் நல்ல தோளில் சாய்ந்து தூங்கினான். நான் அசையாமல் இருந்தேன்.

மறுநாள் ஓடெல் வேலி ஓரமாக நின்று சொன்னான்: "பாத்திரம் கழுவுற சோப்பை வண்டிகிட்ட கொண்டுபோகாதீங்க. புட்டி நல்லதுதான்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா, பெரியவரே?"

"நீ மூணு நாள் தூங்காம செஞ்சே. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், தம்பி."

"நான் புட்டியைப் பத்திக் கேட்டேன்."

"அதை அஞ்சு வருஷம் கழிச்சுக் கேளு" என்று சொல்லிவிட்டு, மெழுகு டப்பா இன்னும் காயாமல் இருக்கிறதா என்று பார்க்க என் ஷெட்டை நோக்கி நடந்தேன்.